குதிகாலைப் பார்த்து நட

நேற்று சாயங்காலம் கெட்டியாக இருந்த டைல்ஸ் இன்று காலையில் பொள்ளலாகச் சத்தம் கொடுத்தது.

டைல்ஸ் பதிக்கிறவனுக்குக் காதுதான் கண். கரண்டியின் மரக்காம்பால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே மண்டிபோட்டு நகர்ந்தால், அடியில் கலவை முழுதாகப் பிடித்த இடம் வாயை மூடிக்கொண்டு 'டக்' என்னும்; எங்கேயாவது காற்று புகுந்திருந்தால் 'டொப்' என்று குட்டு வெளிப்பட்டுவிடும். கூடத்தின் நட்ட நடுவில் இருந்த அந்தக் கல்லை அவன் நேற்றுக் கிளம்பும்போது தட்டிப் பார்த்திருந்தான். டக். இன்று வந்து, சட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் மறுபடி தட்டினான். டொப்.

"என்ன மாப்ள, காலங்காத்தால தரையை முறைச்சுக்கிட்டு நிக்கிற?" வாசலில் சிமெண்ட் மூட்டையை இறக்கிக்கொண்டே மச்சான் கேட்டான். மச்சான் என்றால் பெண்டாட்டியின் அண்ணன். மேஸ்திரி. இந்த வேலைக்கு அவனைக் கூட்டி வந்ததும் மச்சான்தான்.

"இந்தக் கல்லு பொள்ளலா இருக்கு மச்சான்."

"பேத்துட்டுப் போடு. வீட்டுக்காரர் கண்ணுல பட்டா என் மண்டையைப் பேத்துடுவார்."

பெயர்த்தான். கல்லின் முதுகு முழுக்கக் கலவை அப்பிக்கொண்டு வந்தது. ஒரு காசு அகலத்துக்குக்கூட வெற்றிடம் இல்லை. அப்படியானால் பொள்ளல் கல்லில் இல்லை, கலவையிலும் இல்லை. அதற்கும் கீழே. குனிந்தான். புதுக் கலவைக்கென்று ஒரு சுண்ணாம்பு நெடி உண்டு, அது மூக்கைச் சுருக்கும். அதைத் தள்ளிக்கொண்டு வேறொன்று மேலே வந்தது. மிதிபட்ட பச்சைப் புல்லின் வாசனை, அதற்குள் கரிந்த இரும்பின் வாசனை, அதற்கும் உள்ளே, சொல்லக் கூடாத இன்னொன்றின் இனிப்பு. உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் அவன் அதை முகர்ந்திருக்கிறான். அவசர அவசரமாகப் புதுக் கலவை கொட்டிக் கல்லை வைத்து, தேவைக்கு மேல் ஓங்கி ஓங்கி ரப்பர் சுத்தியலால் அடித்தான்.

படையில் அவனைப் பூனை என்றுதான் கூப்பிட்டார்கள். கால் வைப்பது தெரியாமல் கால் வைப்பான். கண்ணிவெடி எடுக்கிற பிரிவு. மெல்லிய கம்பியை மண்ணுக்குள் சாய்வாகக் குத்திப் பார்த்து, சாண் சாணாக ஒரு தடம் திறக்க வேண்டும். தடத்தின் இரண்டு பக்கமும் வெள்ளை நாடா. மனசுக்குச் சரிப்படாத இடத்தில் சிவப்புக் கொடி. பின்னால் வருகிறவன் வானத்தையும் பார்க்கக் கூடாது, தரையையும் பார்க்கக் கூடாது; முன்னால் போகிறவனின் குதிகாலைப் பார்த்து, அவன் கால் எடுத்த குழியில் தன் காலை வைக்க வேண்டும். முன்னால் போகிறவன் திரும்பவே கூடாது. திரும்பினால் இடுப்பு திரும்பும், இடுப்பு திரும்பினால் கால் பிசகும். பேச்சும் கிடையாது. சொல்ல வேண்டியதைக் கம்பியின் பிடியால் தட்டித்தான் சொல்வார்கள். ஒரு தட்டு என்றால், வா. இரண்டு தட்டு என்றால், நில்.

போர் முடிந்துவிட்டது என்று பேப்பரில் போட்டுவிட்டார்கள். பேப்பரில் போட்டால் ஆயிற்றா? காலுக்கு யார் போய்ச் சொல்வது? ஊர் திரும்பி இத்தனை வருஷத்தில் பூனை ஒரு நாள்கூடப் புல்லில் கால் வைத்ததில்லை. புது மண் கொட்டிய இடத்தைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவான். அதையெல்லாம்கூட ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். அவன் பேரோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொன்றைத்தான் யாரும் பொறுக்கவில்லை.

நாலு பேரைச் சாகடித்தவன்.

ஒரு விடியற்காலையில், எப்போதும் அவன் பின்னாலேயே வருகிற நெட்டையனும் இன்னும் மூன்று பேரும் அவன் திறந்த தடத்தில் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். வளைவில் சிவப்புக் கொடி நடப்படவில்லை, பூனையின் கவனக்குறைவு என்று விசாரணையில் முடிவாயிற்று. முதல் தடவை கேட்டபோது "நட்டேன் சார்" என்றான். அடுத்த தடவை "நட்டேன்னுதான் நினைக்கிறேன் சார்" என்றான். கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அவனுக்கே தெரியவில்லை. கையைப் பார்த்தால், குனிந்து கொடியை ஊன்றிய மாதிரியும் இருந்தது, ஊன்றாத மாதிரியும் இருந்தது. ஜெயிலுக்குப் போக வேண்டியவனை, பிரிவின் மேஜர்தான் இடையில் புகுந்து, வீட்டுக்கு மட்டும் அனுப்பி வைத்தார். "போ, பொழைச்சுக்கோ" என்றார். அந்த மேஜர் ஓய்வு பெற்றுக் கட்டுகிற வீடுதான் இது.

நெட்டையனின் பெண்டாட்டியைப் பார்த்து மன்னிப்புக் கேட்க ஒரு தடவை போனான். அவள் அழவில்லை, திட்டவில்லை. கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு அவன் கால்களையே பார்த்தாள். "உங்களுக்கு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மதியம் மச்சான் சாப்பிடப் போன பிறகு வீடு காலியாக இருந்தது. கதவு வைக்காத வாசல்களில் காற்று நுழைந்து, பூசாத சுவர்களைத் தடவிக்கொண்டு, மாடிப்படி வழியாக மேலே ஏறிப்போனது. எங்கேயோ ஒரு குழாய் நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பூனை நடுக் கல்லுக்கு முன்னால் மண்டிபோட்டான். காலையில்தான் மாற்றிய கல். கரண்டிக் காம்பால் ஒரு தட்டுத் தட்டினான்.

டொப்.

பக்கத்துக் கல்லும் டொப். அதற்கடுத்ததும். பொள்ளல் பரவியிருந்தது, வாசலை நோக்கி, ஒரு ஆள் நடக்கிற அகலத்தில்.

எழுந்திருக்கப் போனவனின் முழங்காலுக்குக் கீழே, கல்லுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, யாரோ ஒரு தட்டுத் தட்டினார்கள்.

எதிரொலி என்று சொல்லிக்கொண்டான். காலி வீட்டில் எது தட்டினாலும் நாலு இடத்தில் கேட்கும். மூன்று தட்டு, ஒழுங்கில்லாமல், வேண்டுமென்றே தட்டினான். எதிரொலியாக இருந்தால் மூன்று வர வேண்டும். கீழேயிருந்து ஒன்றுதான் வந்தது. நிதானமாக. அவசரமே இல்லாமல்.

வா.

கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்து, மணல் குவியலுக்குப் பக்கத்தில், மணலில் கால் படாமல் நின்றான். மச்சான் திரும்பி வந்ததும் "என்ன மாப்ள, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்று சிரித்தான். பூனையும் சிரித்து வைத்தான்.

வாயைத் திறந்தால் குடும்பம் போச்சு. அதுதான் நிலைமை. சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள் ஒன்றில் பலூன் வெடித்தது. அவ்வளவுதான், வெறும் பலூன். பூனைக்கு அடுத்த நொடி நினைவில்லை. நினைவு வந்தபோது மகள் பாப்பாவைத் தரையில் அடித்துத் தள்ளி அவள் மேல் குப்புறக் கிடந்தான். பாப்பாவின் வாயில் ரத்தம். முன்பல் பாதி உடைந்து சிமெண்ட் தரையில் கிடந்தது. காப்பாற்றத்தான் தள்ளினான், அது அவனுக்குத் தெரியும். ஆறு வயசுக் குழந்தைக்கு யார் சொல்லிப் புரிய வைப்பது? அன்றைக்குப் பிறகு அவள் அப்பா பக்கத்தில் வரவில்லை. அவன் கூடத்தில் இருந்தால் அடுப்படிக்குப் போவாள். அவன் அடுப்படிக்கு வந்தால் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போவாள்.

பெண்டாட்டி அன்றைக்கு ராத்திரியே சொல்லிவிட்டாள். "இன்னொரு தடவை இப்படி ஏதாவது ஆச்சுன்னா, நானும் பாப்பாவும் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவோம். நீங்களும் உங்க சண்டையும் இங்கேயே குடித்தனம் பண்ணுங்க."

இப்போது கொஞ்ச நாளாக வேலைக்கு ஒழுங்காகப் போகிறான், தூக்கத்தில் கத்துவதில்லை. அன்று சாயங்காலம் தட்டை வைத்துக்கொண்டே பெண்டாட்டி மெதுவாகச் சொன்னாள்: "அவ உங்களைப் பார்த்துக்கிட்டேதான் இருக்கா. இன்னைக்கு 'அப்பா வந்தாச்சா'ன்னு கேட்டா. கொஞ்சம் கொஞ்சமா வருவா. அவசரப்படாதீங்க." பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?"

"சிமெண்ட் தூசி."

கதவு இடுக்கில் பாப்பாவின் ஒரு கண் தெரிந்தது. பூனை அந்தப் பக்கம் திரும்பாமல் சாப்பிட்டான். திரும்பினால் ஓடிவிடுவாள். வேலையை விட்டு நின்றுவிடலாமா என்று யோசித்தான். நின்றால் ஏன் என்று கேட்பார்கள். தரைக்கு அடியில் நெட்டையன் கூப்பிடுகிறான் என்றா சொல்ல முடியும்? இன்னும் கொஞ்சம்தான் வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட வேண்டியதுதான்.

அடுத்தடுத்த நாட்களில் அவன் நடுக் கூடத்துப் பக்கமே போகாமல் ஓரங்களை முடித்தான். சுவரோரக் கற்கள் எல்லாம் கெட்டி. டக், டக், டக் என்று நல்ல பிள்ளைகளாகப் பேசின. நடுவில் மட்டும் வாசலிலிருந்து தோட்டத்து ஜன்னல் வரை ஒரு தடம் பொள்ளலாகவே கிடந்தது. அவன் எங்கே முட்டிபோட்டானோ அதற்கு நேர் கீழே அந்தத் தட்டு வந்து நின்றது. அவன் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. முன்பு கம்பியோடு தவழ்ந்து போகையில் பின்னால் நெட்டையன் தவழ்ந்து வருவானே, அதே தூரம், அதே நிதானம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இன்னும் பவுடர் போட்டு அடைக்காத இடுக்குகளிலிருந்து காற்று வந்தது. விட்டு விட்டு வந்தது. உள்ளே இழுத்து, வெளியே விட்டு.

கடைசி நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. இடுக்குக்குப் பவுடர் வாங்க மச்சான் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தான். தற்காலிக ஒயரில் தொங்கிய ஒற்றை பல்பு காற்றில் ஆடி, கலவைச் சட்டியின் நிழலைச் சுவரில் பெரிதாக்கிச் சின்னதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் குடையை மடக்கிக்கொண்டு மேஜர் உள்ளே வந்தார். ஆள் நன்றாகப் பெருத்திருந்தார். பளபளக்கிற ஷூ. கூடத்தின் குறுக்கே அந்தப் பொள்ளல் தடத்தின் மேலேயே டொப் டொப் என்று நடந்து போய், தோட்டத்து ஜன்னலோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னப்பா பூனை, தரையைக் கண்ணாடி மாதிரி போட்டுட்டியே. கை இன்னும் அப்படியேதான் இருக்கு."

"எல்லாம் உங்க புண்ணியம் சார்." மனசாரச் சொன்னான். ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றியவர் இல்லையா?

"அட நீ ஒண்ணு! எனக்கும் மனசுல ஒரு உறுத்தல்தான்ப்பா. அன்னைக்கு அந்தக் கொடியை நான் பிடுங்காம இருந்திருந்தா உன் பேரும் கெட்டிருக்காது." சட்டையில் விழுந்த மழைத்துளியைத் தட்டிவிட்டார். "என்ன பண்றது? காலையில பெரிய ஆபீசர் தடத்தைப் பார்க்க வர்றார். தடத்துல சிவப்பு தெரிஞ்சா, இன்னுமா முடிக்கலன்னு என்னைத்தான் காய்ச்சுவார். கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்ப நட்டுடலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள உங்க ஆளுங்க அவசரக்குடுக்கைங்க, கிளம்பிட்டானுங்க."

கதவில்லாத வாசல் வழியாக மழை சாரலடித்தது.

"நான் நட்டேனா சார்?"

"நட்டியே! வளைவுலயே நட்டிருந்த. உனக்குத் தெரியாதா?" மேஜர் அவனை நிமிர்ந்து பார்த்தார். ஆச்சரியம் உண்மையானதுதான். "தெரிஞ்சும் என்னைக் காட்டிக்கொடுக்காம இருக்கன்னுல்ல இத்தனை நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன்! அந்த விசுவாசத்துக்குத்தானே தேடிப் பிடிச்சு, உன் மச்சான் மூலமா இந்த வேலையைக் கொடுத்தேன்!" என்று தொப்பை குலுங்கச் சிரித்தார்.

நட்டேன். என் கை நட்டது. முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இத்தனை வருஷம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த அம்மிக்கல்லை யாரோ எடுத்த மாதிரி இருந்தது. அதற்குப் பின்னால்தான் மற்றது வந்தது. பாதி திறந்த கதவு. உங்களுக்கு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு. பாப்பாவின் உடைந்த பல். தூக்கத்தில் கத்திக் கத்தித் தொண்டை கிழிந்த ராத்திரிகள். எல்லாவற்றுக்கும் காரணமான இந்த மனுஷன், தொப்பையும் ஷூவுமாக, அவன் பதித்த தரையில், அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பாவி. படுபாவி.

கீழேயிருந்து ஒரு தட்டு.

பிறகு கூடம் முழுக்க. நாலு இடத்தில். நாலும் ஒரே சமயத்தில்.

மேஜர் சிரிப்பை நிறுத்தினார். "என்னப்பா அது? எலியா?"

"இல்ல சார்."

நாற்காலியின் பின்கால் ஒன்று 'சடக்' என்று இறங்கியது. மேஜர் துள்ளி எழுந்தார். கால் இருந்த இடத்தில் கல் உடைந்து கறுப்பாக ஒரு வாய் திறந்திருந்தது. இடுக்குகளிலிருந்து காற்று வந்தது. பச்சைப் புல். கரிந்த இரும்பு. மேஜரின் மூக்கு விடைத்தது. முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்றோ. அவரும் அங்கே இருந்தவர்தானே? தெரிந்துகொண்டார்.

"பூனை."

"சார்."

"எங்கே கெட்டி, எங்கே பொள்ளல்னு உனக்குத் தெரியும்ல? என்னை வாசலுக்குக் கூட்டிட்டுப் போயிடுப்பா. நீ முன்னால நட. உன் காலடியிலேயே வர்றேன்."

சுவரோரம் கெட்டி. அது பூனைக்கு நன்றாகத் தெரியும். அவனே பதித்து, அவனே தட்டிப் பார்த்தது. சுவரை ஒட்டி நடந்தால் குழந்தைகூடப் பத்திரமாக வாசலுக்குப் போய்விடும்.

நடுக்கூடத்திலிருந்து ஒரு தட்டு வந்தது. வா.

"குதிகாலை மட்டும் பாருங்க சார்" என்றான் பூனை. "வேற எதையும் பார்க்காதீங்க."

நடுவில் கால் வைத்தான். கல் தாங்கியது. அடியில் யாரோ உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்ட மாதிரி தாங்கியது. அடுத்த கல். அதுவும். பின்னால் ஷூ சத்தம், அவன் கால் எடுத்த இடத்தில், ஒழுங்காக, கீழ்ப்படிந்து. மேஜருக்கு மூச்சு வாங்கியது. பூனை நட்ட நடுக் கல்லைக் கடந்தான்.

பின்னால் ஷூ வைத்த சத்தம் கேட்கவில்லை.

"பூ"

அவ்வளவுதான் வந்தது. வெடிக்கவில்லை. ஒன்றும் வெடிக்கவில்லை. ஈரக் கலவையைக் கரண்டியால் வாரி வாரி அப்புகிற சத்தம். இழுபடுகிற துணி. நகம், கல்லின் மேல். நிறைய கைகள். ஒரு வாய், எதையோ விழுங்க முடியாமல். மறுபடி கலவை. மறுபடி.

பூனை திரும்பவில்லை. முன்னால் போகிறவன் திரும்பக் கூடாது.

எல்லாம் அடங்கிய பிறகு, வாசலருகே மண்டிபோட்டு, பின்பக்கமாகக் கையை நீட்டித் தரையைத் தட்டினான். டக். இன்னும் கொஞ்சம் தள்ளி. டக். ஒரு பொள்ளல் இல்லை. அருமையான தரை. மனசு நிறைந்தது அவனுக்கு. நாலு பேரின் கணக்கையும் தீர்த்தாயிற்று, வேணும் அந்த ஆளுக்கு, நல்லா வேணும் என்று வாய்விட்டே சொன்னான். சட்டையை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மழையில் இறங்கி நடந்தான்.

தெரு விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. வெகுநாளைக்குப் பிறகு அவன் தேங்கிய தண்ணீரில் கால் வைத்தான், சேற்றில் கால் வைத்தான், தெருவோரப் புல்லில்கூட வைத்தான். பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டும். நான் நட்டேன்டி, என் கை சரியாகத்தான் நட்டது. நெட்டையன் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். பாப்பாவுக்கு ஒன்றும் புரியாது, பரவாயில்லை. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க நடக்க வேண்டும்.

கடைகளைத் தாண்டி ஆள் குறைந்த இடத்துக்கு வந்தபோதுதான் கேட்டது. அவன் கால் சேற்றிலிருந்து 'சளக்' என்று எழுந்ததும், பின்னால் இன்னொரு சளக். அதே குழியில். அதற்குப் பின்னால் இன்னொன்று.

நின்றான். நின்றது.

"வந்துட்டீங்களாடா?" என்றான். பயமில்லை, சத்தியமாகப் பயமில்லை. பழைய சிநேகிதர்கள் கூட வருகிறார்கள் என்றுதான் தோன்றியது. நீளமான கால்களைக் குறுக்கிக் குறுக்கி வைக்கிற நெட்டையனின் நடை அவனுக்குத் தெரியாதா? "போதும்டா. முடிஞ்சது. இனி நிம்மதியா போங்கடா."

நடந்தான். நடந்தார்கள்.

கடைசியாக ஒரு காலடி கேட்டது. மற்றவை போல இல்லை. கனமாக, இழுத்து இழுத்து. ஷூ போட்ட கால்.

கரண்டியை எடுத்து விளக்குக் கம்பத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். நில். நின்றார்கள். ஒரு அடி வைத்தான். வைத்தார்கள். ஓடினான். அவன் ஓடிய குழிகளிலேயே ஓடி வந்தார்கள். அப்போதுதான் உறைத்தது. அவர்களுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது. பழி தீர்ந்துவிட்டது. போக வேறு இடமில்லை. குதிகாலைப் பார்த்து நடக்க மட்டும்தான் தெரியும். முன்னால் போகிறவன் அவன். வரிசையில் புது ஆள் ஒருவரைச் சேர்த்ததும் அவன்தான்.

அவன் எங்கே போகிறானோ, அங்கே.

தெரு முனை திரும்பியதும் வீடு தெரிந்தது. வாசல் விளக்கு எரிந்தது. பெண்டாட்டி படியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாப்பா. உள்ளே போகக் கூடாது. எங்கே வேண்டுமானாலும் போகலாம், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம், அந்தப் படியில் மட்டும் கால் வைக்கக் கூடாது. பூனை தலையைக் குனிந்துகொண்டு தன் வீட்டைத் தாண்டி நடந்தான். கண் மறைத்தது. மழையா, அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை.

"என்னங்க? எங்க போறீங்க? வீட்டைத் தாண்டிப் போறீங்களே!"

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. குரலில் சிரிப்புதான் இருந்தது. சளக். சளக். பின்னால் ஒவ்வொருவராக வாசலைக் கடந்தார்கள்.

"அப்பா!"

பலூன் வெடித்த நாளுக்குப் பிறகு முதல் தடவை.

"அப்பா, நானும் வர்றேன்!"

வராதே. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. படியிலிருந்து குதித்த சத்தம். சின்னக் கால்கள். ஓடி வந்தன. பின்னாலிருந்து. ஓடி வந்து, முன்னால் வராமல், நின்றன.

வரிசையின் கடைசியில்.

பூனை திரும்பினான்.

விளக்கு வெளிச்சத்தில் மழை நின்று பெய்தது. முதலில் நெட்டையன், அவனுக்குப் பின்னால் மூன்று பேர், எல்லோரும் தலை கவிழ்ந்து. அவர்களுக்கும் பின்னால் மேஜர். மூக்கு, வாய், கண்குழி எல்லாவற்றிலும் சிமெண்ட் நிறைந்து வழவழவென்று இறுகியிருந்தது. சாம்பல் பூத்த ஒரு கையைப் பின்னால் நீட்டியிருந்தார். அந்தக் கையைப் பாப்பா பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உடைந்த பல் இடுக்கில் நாக்கை நீட்டிக்கொண்டு, முன்னால் இருந்த ஷூவின் குதிகாலையே கண்கொட்டாமல் பார்த்தபடி, அந்தப் பெரிய குழிக்குள் தன் சின்னக் காலைக் கவனமாக, பிசகாமல் எடுத்து வைத்தாள்.